வாத்தியின் ஆங்கிலம்

1

போன சனிக்கிழமை ஜான்-டலோன் சந்தையில், நான் வேலை செய்யும் மரக்கறிக் கடையில், குனிந்து கத்தரிக்காய் அடுக்கிக்கொண்டிருந்தேன். முதுகுக்குப் பின்னால் ஒரு பெண் குரல் கேட்டது.

"சார், திஸ் சில்லி பெரி ஹொத், யா?"

நான் நிமிரவில்லை. குனிந்தபடியே, "நீங்கள் பண்டுங் பக்கமா?" என்று ஆங்கிலத்தில் கேட்டேன். நிமிர்ந்தபோது அந்தப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார். பக்கத்தில் நின்ற கணவர் சிரிக்கத் தொடங்கிவிட்டார். பண்டுங் இந்தோனேசியாவில் உள்ள மலைநகரம். கனடாவுக்கு வந்து சில வாரங்கள்கூட ஆகாத அந்த இருவருக்கும், முகம் பார்க்காமல் ஊரைச் சொன்ன கறுத்த மனிதன் ஒரு மந்திரவாதியாகத் தெரிந்திருக்க வேண்டும். நல்ல காரமான மிளகாயாகப் பொறுக்கிக் கொடுத்து அனுப்பினேன்.

வீட்டுக்கு வந்து சொன்னபோது மனைவி ரெஜினா விழுந்து விழுந்து சிரித்தாள். "பிரெஞ்சு கதைக்கிற சனத்தில ஆர் ஹெயிட்டி, ஆர் மொறோக்கோ எண்டு இன்னும் பிடிபடாத மனுசன், இங்கிலீசைக் கேட்டுப் பண்டுங் எண்டு சொல்லிச்சுதாம்!"

அவளுக்கும் காரணம் தெரியும். அந்த ஆங்கிலம் எங்கள் வீட்டில் சில வருடங்கள் குடியிருந்தது. மன்னாரிலிருந்து எழுதுகிற நண்பர்கள் எல்லோரும் தவறாமல் ஒன்று கேட்பார்கள்: "உன்ர மகன் வெள்ளைக்காரன் மாதிரி இங்கிலீஸ் கதைப்பானே?" இதுவரை நான் அதற்கு ஒழுங்காகப் பதில் எழுதியதில்லை. இப்போது எழுதுகிறேன்.

2

கெவின் பிறந்தபோது நாங்கள் மொன்றியலின் வடக்குப் பக்கம், கார்ட்டியர்வில்லில், ஒரு பழைய அடுக்குமாடிக் கட்டடத்தில் இருந்தோம். நான் விடியமுன் சந்தைக்குப் போக வேண்டும். ரெஜினாவுக்கு வெதுப்பகத் தொழிற்சாலையில் பகல் வேலை. பிரசவ விடுமுறை முடியப்போகிறது, பிள்ளையை யாரிடம் விடுவது? அரசாங்க உதவி பெறும் கார்தெரியில், அதாவது குழந்தைகள் காப்பகத்தில், பெயரைப் பதிந்தோம். "இடம் வந்தால் கூப்பிடுவோம்" என்றார்கள். சொன்ன சொல் தவறவில்லை, கூப்பிட்டார்கள். அப்போது கெவின் பள்ளிக்கூடம் போகத் தொடங்கியிருந்தான்.

வாத்தியை எங்களுக்குத் தந்தது ஒரு சம்பல். ரெஜினா காய்ந்த மிளகாயில் கட்டைச் சம்பல் இடித்துப் போத்தலில் போட்டு, அடுத்த மாடியில் இருந்த ஒரு யாழ்ப்பாணக் குடும்பத்துக்குக் கொண்டுபோயிருக்கிறாள். மின்தூக்கியில் நின்ற ஒரு குட்டையான பெண் மூக்கை உறிஞ்சி, போத்தலைக் காட்டி, "சம்பல்?" என்று கேட்டாராம்.

"ஓம், சம்பல்! உங்களுக்கு எப்பிடித் தெரியும்?" என்று ரெஜினா தமிழிலேயே கேட்டுவிட்டாள்.

அவர் இந்தோனேசியாக்காரர், அவர்கள் நாட்டிலும் அது சம்பல்தான். மின்தூக்கி மேலே போய், கீழே வந்து, மறுபடி மேலே போகும்வரை இருவரும் உள்ளேயே நின்று கதைத்திருக்கிறார்கள்.

அவருடைய பெயர் எங்கள் காதில் வாத்தி என்றுதான் விழுந்தது. எங்கள் பாஷையில் அப்படிச் சொன்னால் பள்ளிக்கூட ஆசிரியர் என்று விளக்கியபோது, தான் பள்ளிக்கூடத்துக்குப் போனதே கொஞ்சக் காலந்தான் என்று சொல்லி வெட்கப்பட்டார். கணவர் ஹெந்திரா பண்டுங்கில் விமானம் செய்யும் தொழிற்சாலையில் வேலை செய்தவர். அங்கே ஆட்குறைப்பு வந்தபின், இங்கே அதே மாதிரி ஒரு தொழிற்சாலையில் இடம் கிடைத்து வந்திருந்தார். ஒரே மகள் அங்கே சித்தி வீட்டில் நின்று படித்துக்கொண்டிருந்தாள். "இவர் என்ன வேலை?" என்று நான் முதன்முதல் கேட்டபோது வாத்தி ஆங்கிலச் சொல் வராமல் தடுமாறி, தன் பாஷையில் "கப்பல் தெர்பாங்" என்றார். கப்பல் என்றதும் நான் துறைமுகத்தை நினைத்துக்கொண்டேன். அவர் கையை விரித்து மேலே பறக்கவிட்டுக் காட்டினார். பறக்கும் கப்பல்! எங்கள் கப்பல் எந்தக் காலத்தில் அங்கே கரை தட்டியதோ, அவர்கள் அதற்குச் சிறகும் கட்டிவிட்டார்கள்.

அடுத்த வாரம் கெவினைத் துணியில் சுற்றிக் கொண்டுபோய் வாத்தியின் கையில் கொடுத்தோம். பள்ளிக்கூடம் போகும் வயதுவரை, கிழமை நாட்களில் அவன் கண் விழித்திருந்த நேரத்தில் பெரும்பகுதி அந்த வீட்டில்தான் போனது. அவனோடு வாத்தி ஆங்கிலத்தில் கதைத்தார். பிள்ளைக்கு இந்த நாட்டில் உதவும், தானும் பழகலாம் என்பது அவர் எண்ணம். நாங்களும் மகிழ்ந்தோம். தமிழ் வீட்டில் இருக்கிறது, பிரெஞ்சைப் பள்ளிக்கூடம் பார்த்துக்கொள்ளும், ஆங்கிலத்துக்கு வாத்தி இருக்கிறார்.

3

அவர் பேசிய ஆங்கிலத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

நம்மவர்கள் ஆங்கிலச் சொல்லின் வாலில் ஓர் உகரத்தைக் கட்டி விடுவார்கள். புக்கு, மில்க்கு, பேங்க்கு. குற்றியலுகரத்தில் ஊறிய நாக்கு வேறென்ன செய்யும்? இந்தோனேசியர்கள் நேர்மாறு, வாலை நறுக்கி விடுவார்கள். பால் அவர்களுக்கு 'மில்', கை 'ஹென்', நண்பன் 'ப்ரென்'. கடைசியில் அழுத்தம் குறைந்து வர வேண்டிய ஒலியை வன்மையாகச் சொல்லி முடிப்பதால், வாத்தியின் வாயில் பையும் முதுகும் ஒரே சொல், கட்டிலும் பந்தயமும் ஒரே சொல். எஃப் என்ற ஒலியும் வீ என்ற ஒலியும் பண்டுங் பக்கத்து ஆட்களிடம் 'ப' ஆகிவிடும். விசிறியும் சட்டியும் ஒன்றாகிவிடும். ஷ கிடையாது, ஸ மட்டுந்தான். ஆகவே கப்பலில் அனுப்புவதும் தேநீரை உறிஞ்சுவதும் ஒன்று. இசட் ஒலிக்கும் ஜகரந்தான், மிருகக்காட்சிச்சாலை 'ஜூ'. ரகரத்தை மட்டும் ஒரு சுற்றுக்கூடக் குறைக்காமல் உருட்டுவார்கள்.

ஆனாலும் வாத்தி சொல்வது எங்களுக்கு முழுக்க விளங்கும். வெள்ளைக்காரர் ஒரு சொல்லில் ஓர் இடத்தை மட்டும் ஏறி மிதித்துவிட்டு மற்றதையெல்லாம் விழுங்கிவிடுவார்கள். வாத்தியோ எழுத்து எழுத்தாக, எல்லா அசைக்கும் சம உரிமை கொடுத்துப் பேசுவார். நாமும் அப்படித்தானே. அவரும் ரெஜினாவும் கதைக்கத் தொடங்கினால் இரண்டு தையல் இயந்திரங்கள் ஒன்றாக ஓடுவதுபோல இருக்கும்.

கெவின் பேசத் தொடங்கினான். தமிழில் எங்களைப் போல, ஆங்கிலத்தில் வாத்தியைப் போல. மீனைக் காட்டி 'பிஸ்' என்பான். ஐந்தை எண்ணும்போது 'பைப்' என்பான். பெயர் கேட்டால் 'கெபின்' என்பான், வாத்தி அப்படித்தான் கூப்பிடுவார். நாங்கள் சிரித்தோம். எஃப் எங்களுக்கும் பெரிய சொந்தமில்லை. "நாங்களும் கோப்பி எண்டுதானே சொல்லுறம்" என்றாள் ரெஜினா.

அவளுக்கு உறுத்தியது வேறொன்று. கெவின் வாத்தியை 'இபு' என்று கூப்பிட்டான். அது வாத்தியின் செல்லப்பெயர் என்று நினைத்திருந்தோம். ஒருநாள் ஹெந்திராதான், பேச்சோடு பேச்சாக, இபு என்றால் தாய் என்று சொன்னார். ரெஜினாவின் முகம் மாறியது. அதைக் கண்டு வாத்தி பதறிப்போய், தங்கள் நாட்டில் கடைக்காரப் பெண்ணையும் ஆசிரியையும்கூட இபு என்றுதான் கூப்பிடுவார்கள், மரியாதைச் சொல் அவ்வளவுதான் என்று திரும்பத் திரும்ப விளக்கினார். ரெஜினா தலையாட்டினாள். மறுநாள் காலை கெவினுக்குச் சப்பாத்து மாட்டிக்கொண்டே, "அதுக்கென்ன, பிள்ளைக்கு ரெண்டு தாய் எண்டால் நட்டமே?" என்றாள். என்னிடம் சொன்னாளா, தனக்குச் சொன்னாளா தெரியாது.

ஒரு கோடையில் இரண்டு குடும்பமும் சேர்ந்து இல்-பிசார் தீவுக்குப் போனோம். அங்கிருந்து லவாலுக்கு ஆட்களையும் கார்களையும் ஏற்றிப் போகும் பாதைப் படகில் ஏறியதும் கெவின் துள்ளிக்கொண்டு "கப்பல்! கப்பல்!" என்று கத்தினான். அது தமிழா இந்தோனேசியமா என்று நானும் ஹெந்திராவும் அக்கரை போய்ச் சேரும்வரை வழக்காடினோம்.

4

ஐந்து வயதில் கெவினைப் பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தின் பாலர் வகுப்பில் சேர்த்தோம். இந்த மாகாணத்தில் எங்களைப் போன்றவர்களின் பிள்ளைகள் பிரெஞ்சில்தான் படிக்க வேண்டும், அது சட்டம். பள்ளி விட்டதும் வாத்தி போய்க் கூட்டிவந்து, நாங்கள் வரும்வரை வைத்திருப்பார்.

இலைகள் கொட்டி முடிந்த காலத்தில் ஆசிரியை எங்களைக் கூப்பிட்டார். இளம்பெண், நல்லவர். நான் அறிந்த பிரெஞ்சைத் திரட்டி, நான் கெவினின் தகப்பன் என்று பெருமையாகச் சொன்னேன். தகப்பனுக்குப் பிரெஞ்சில் 'பேர்', கல்லுக்குப் 'பியேர்'; நான் கெவினின் கல் என்று சொல்லிவிட்டேன் என்பது அவர் உதட்டைக் கடித்த பிறகுதான் விளங்கியது. பாவம், உடனே ஆங்கிலத்துக்கு மாறினார்.

"பிரெஞ்சு தெரியாமல் வரும் பிள்ளைகள் எனக்குப் புதிதல்ல, அது ஒரு பிரச்சினையே இல்லை" என்றார். "அவனுக்குத் தைரியம் வரட்டும் என்று ஆங்கிலத்தில் பேசிப் பார்த்தேன். ஆங்கிலத்திலும் சொற்கள் பாதியில் நிற்கின்றன. பல ஒலிகள் வரவில்லை. தன் பெயரைக்கூட அவனால் சரியாகச் சொல்ல முடியவில்லை."

ரெஜினா மேசையின் கீழ் என் கையைப் பிடித்தாள்.

பேச்சுச் சிகிச்சையாளர் ஒருவர் பிள்ளையைப் பார்க்க வேண்டுமாம். அந்த உத்தியோகத்துக்குப் பிரெஞ்சில் ஓர்த்தோபோனிஸ்த் என்று பெயர். நாக்குப் புரளாதவர்களைத் திருத்துகிறவருக்கு இப்படி ஒரு பெயரை வைத்தவர் யாரோ! அவருடைய முடிவைப் பார்த்துத்தான், கெவின் இங்கேயே படிப்பானா அல்லது பேச்சுக் குறைபாடு உள்ள பிள்ளைகளுக்கான வகுப்புக்கு, நகரத்தின் மற்ற மூலையில் உள்ள பள்ளிக்கு, பேருந்தில் போவானா என்று தீர்மானிப்பார்கள்.

பிறகு தொடங்கியது அலைச்சல். சுகாதார நிலையத்தில் காத்திருப்போர் வரிசை நீண்டது என்றார்கள். பிள்ளைக்குக் காது கேட்கிறதா என்று முதலில் பார்த்து வரச் சொன்னார்கள். காது நன்றாகத்தான் கேட்டது. அதற்கான கடிதம் வேறொரு அலுவலகத்துக்குப் போய்விட்டது என்றார்கள். மாலையில் வேலை முடிந்து வந்து தொலைபேசியில் பாட்டுக் கேட்டுக்கொண்டு நிற்பதே என் இரண்டாம் வேலையாயிற்று. வீட்டில் ரெஜினா கண்ணாடிக்கு முன் கெவினை நிறுத்தி, "கீழ்ச்சொண்டைப் பல்லால கடியும் ராசா, வீ... வீ..." என்று சொல்லிக்கொடுப்பாள். அவன் சொண்டைக் கடித்தபடி சிரிப்பான்.

5

வாத்தியிடம் மறைக்கவில்லை. அவரே பிள்ளை ஏன் வாடியிருக்கிறான் என்று கேட்டார். நான் ஆசிரியை சொன்னதை அப்படியே சொன்னேன். எந்த எந்த ஒலி வரவில்லை என்று அவர் கேட்டார். அதையும் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தவர் எழுந்து போய் அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.

அதன்பிறகு எங்களுக்கு விளங்காத ஒரு மாற்றம் வந்தது. கெவின் வீட்டில் கதைப்பது குறைந்தது. முதலில் ஆங்கிலம் நின்றது, பிறகு தமிழும் சுருங்கியது. சோறா, பாணா என்று கேட்டால் விரலால் காட்டினான். பள்ளிக்கூடப் பயமாக இருக்கும் என்று நினைத்தோம். ஒருநாள் படுக்கப் போகுமுன் ரெஜினாவின் மடியில் முகத்தை வைத்துக்கொண்டு, "அம்மா, இபு என்னோட கோவம்" என்றான்.

"ஏனப்பன்?"

"இபு கதைக்கிறேல்லை."

மறுநாள் வேலையிலிருந்து கொஞ்சம் முந்தி வந்து நானே அவனைக் கூட்டப் போனேன். தொலைக்காட்சியில் பிரெஞ்சுக் கார்ட்டூன் ஓடிக்கொண்டிருந்தது. கெவின் அதன் முன்னால் இருந்தான். வாத்தி குசினி வாசலில் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார். அவன் திரும்பிப் பார்த்து ஏதோ கேட்டான். வாத்தி புன்னகைத்து, தலையை ஆட்டி, ஒரு தட்டில் வாழைப்பழம் வைத்துக் கொடுத்தார். வாயிலிருந்து ஒரு சொல் வரவில்லை. ஓயாமல் தையல் இயந்திரம்போல ஓடிக்கொண்டிருந்த அந்த வீடு அப்படி அமைதியாக இருந்ததை நான் அதற்கு முன் கண்டதில்லை.

அன்று மாலை ரெஜினாவும் நானும் அவர்கள் வீட்டுக்குப் போனோம். ஹெந்திராவும் இருந்தார்.

"வாத்தி அக்கா, ஏன் பிள்ளையோட கதைக்கிறியள் இல்லை?" ரெஜினா ஆங்கிலத்தில் கேட்டாலும் அந்த 'அக்கா' மட்டும் தமிழில்தான் வரும்.

வாத்தி தன் உதட்டைத் தொட்டுக் காட்டினார். "மை மௌத் நொத் குத், ரெஜினா. ஐ கிப் ஹிம் பேத் இங்லிஸ்." என் வாய் நல்லதல்ல, அவனுக்குக் கெட்ட ஆங்கிலத்தைக் கொடுத்துவிட்டேன். அவ்வளவு சொல்வதற்குள் அழுகை வந்துவிட்டது.

பேசாதே என்று சொன்னது தான்தான் என்று ஹெந்திரா ஒத்துக்கொண்டார். அவர் மெதுவாகப் பேசுகிற மனிதர். தொழிற்சாலையில் தனக்கு நடந்ததைச் சொன்னார். ஒரு பாகத்தின் வரைபடம் எங்கே என்று தொலைபேசியில் கேட்டிருக்கிறார்கள். கோப்பில் இருக்கிறது என்று இவர் சொல்லியிருக்கிறார். அவருடைய 'பைல்' மறுமுனையில் குவியல் என்று கேட்டிருக்கிறது. கழிவு உலோகக் குவியலை ஆட்கள் அரை நாள் கிளறினார்களாம். பிறகு மேற்பார்வையாளர் எல்லோருக்கும் முன்னால், "இனிமேல் நீ வாயைத் திறக்காதே, எழுதிக் காட்டு" என்று சொல்லியிருக்கிறார்.

"அன்றிலிருந்து சட்டைப்பையில் காகிதம் கொண்டுபோகிறேன்" என்றார் ஹெந்திரா. "விமானம் செய்யத் தெரிந்தவன், ஊமைபோல எழுதிக் காட்டுகிறேன். கெவினுக்கு அப்படி ஒன்று வரக்கூடாது."

ரெஜினா எழுந்து போய் வாத்தியின் பக்கத்தில் இருந்தாள்.

"அக்கா, இவ்வளவு காலமும் நீங்கள் கதைச்சுத்தான் என்ர பிள்ளை வளர்ந்தவன். பிழையோ சரியோ, கதையுங்கோ. ஒருத்தரும் கதைக்காத வீட்டில பிள்ளையை விட்டிட்டு நான் எப்பிடி வேலையில நிப்பன்?"

வாத்தி கண்ணைத் துடைத்துக்கொண்டு தலையாட்டினார். ஆனாலும் அடுத்த நாளும் அதற்கடுத்த நாளும் அவர் பெரிதாக வாய் திறக்கவில்லை. பயம் ஒருமுறை நாக்கில் ஏறிக்கொண்டால் இறக்குவது கஷ்டம். அது எனக்கும் தெரியும். இந்த நாட்டில் எத்தனையோ கூட்டங்களில் நானும் வாய்க்குள் ஒரு வசனத்தைச் செய்து, திருத்தி, மறுபடி திருத்தி, கடைசியில் விழுங்கியிருக்கிறேன்.

6

சுகாதார நிலையத்தில், யாரோ வராமல் விட்ட ஓர் இடம் எங்களுக்குக் கிடைத்தது. பனி கொட்டிய ஒரு பிற்பகல். ரெஜினாவுக்கு விடுப்புக் கிடைக்கவில்லை. கெவின் வாத்தியின் கையை விடாததால் அவரும் எங்களோடு வந்தார். அறைக்குள் நானும் கெவினும் போக, வாத்தி வெளியே நடைபாதைக் கதிரையில் இருந்துகொண்டார்.

சிகிச்சையாளர் நரைத்த தலையுள்ள பெண். பிரெஞ்சும் ஆங்கிலமும் ஒரேமாதிரிப் பேசினார். வீட்டில் என்ன பாஷை என்று கேட்டார். தமிழ் என்றேன். பகலில் பிள்ளை யாரோடு என்று கேட்டார். அயல்வீட்டுப் பெண்ணோடு, ஆங்கிலத்தில் என்றேன். குறித்துக்கொண்டார். பிறகு கெவினுக்கு முன்னால் ஒவ்வொன்றாகப் படங்களை வைத்தார். அவன் நெடுநேரம் பேசாமல் இருந்தான். அவர் அவசரப்படுத்தவில்லை. கடைசியில் மெல்லிய குரலில் தொடங்கினான்.

"பிஸ்."

"பேன்." அது வாகனத்தின் படம்.

"மில்."

"ஹென்."

"ஜிப்ரா."

ஒவ்வொரு சொல்லுக்கும் அவருடைய பேனா ஒரு கோடு போட்டது. இந்த வயதில் இவ்வளவு ஒலிகள் சேர்ந்து தவறுவது கவனிக்க வேண்டிய விஷயம் என்று அவர் எனக்குச் சாந்தமாக விளக்கத் தொடங்கினார். கெவினுக்கு அலுத்துவிட்டது. கதிரையிலிருந்து இறங்கி என் கையைப் பிடித்து இழுத்தான்.

"அப்பா, இபு வெளியில இருக்கிறா. வாங்கோ, வீட்டை போவம்."

சிகிச்சையாளர் பாதி வசனத்தில் நிறுத்தினார். "இப்போது என்ன சொன்னான்?"

நான் மொழிபெயர்த்தேன்.

"கருத்து அல்ல. அவன் சொன்னபடியே சொல்லச் சொல்லுங்கள்."

கெவின் இன்னும் பலமாகச் சொன்னான். வெளியில, வாங்கோ, வீட்டை, போவம். அவர் முன்னால் சாய்ந்து அவனுடைய வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வீ அவனுக்கு நன்றாக வருகிறதே" என்றார். "வெளியே இருக்கிறவர்தான் பகலில் பார்த்துக்கொள்பவரா? அவர் எந்த நாடு?"

இந்தோனேசியா என்றதும், கூப்பிடச் சொன்னார். வாத்தி குற்றம் செய்தவரைப்போலக் கைப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தார். சிகிச்சையாளர் அவருக்கு வணக்கம் சொல்லி, கதிரை போட்டு, அதே படங்களை அவருக்கு முன்னால் வைத்து, இவற்றின் பெயரைச் சொல்ல முடியுமா என்று மிக மரியாதையாகக் கேட்டார். வாத்தி என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன்.

"பிஸ்" என்றார் வாத்தி. "பேன். மில். ஹென். ஜிப்ரா."

கெவின் முகம் மலர்ந்துவிட்டது. விளையாட்டு என்று நினைத்து அவருக்கு முந்திக்கொண்டு சொல்லத் தொடங்கினான். இருவரும் போட்டி போட்டுக்கொண்டு அந்தப் படங்களை முடித்தார்கள். ஓர் இடத்தில்கூட அவனும் அவரும் வேறுபடவில்லை.

சிகிச்சையாளர் பேனாவை மூடி வைத்தார். "இந்தப் பிள்ளைக்கு ஒரு குறையும் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை" என்றார். "ஆங்கிலத்தை முழுதாகக் கற்றிருக்கிறான். இந்தோனேசியர்கள் பேசும் ஆங்கிலத்தை."

வாத்தி கேட்டார்: "தென், மை மிஸ்தேக்?"

"இல்லை, அம்மா. என்னிடம் வரும் பிள்ளைகளில் பலரோடு வீட்டில் யாரும் பேசுவதில்லை. இவனோடு ஒருவர் நாள் முழுக்கப் பேசியிருக்கிறார் என்பது அவன் வாயில் தெரிகிறது. ஆசிரியை பேசுவதைக் கேட்டு அவர் மாதிரியும் பேசுவான். நீங்கள் நிறுத்தாதீர்கள்."

வெளியே வந்து பேருந்தில் ஏறினோம். கெவின் யன்னல் ஓரம், வாத்தி அவனுக்குப் பக்கத்தில், நான் பின்னால். வாத்தி கைப்பையை மடியில் வைத்தார். பிறகு யன்னலில் படிந்த ஆவியைக் கையுறையால் துடைத்து, "ஸ்னோ" என்றார். கெவின் "ஸ்னோ" என்றான். "தொக்" என்றார் ஒரு நாயைக் காட்டி. அவனும் சொன்னான். சிவப்பு விளக்கு, பனி வழிக்கிற வண்டி, தொப்பி போட்ட கிழவர், மாதா கோவில் கோபுரம், கோழிக் கடை என்று அந்தத் தெருவில் கண்ட அத்தனையையும் வாத்தி பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டு போனார். குரல் ஏறிக்கொண்டே போனது. ஆட்கள் திரும்பிப் பார்த்தார்கள். வாத்தி கவலைப்படவில்லை. நானும் கவலைப்படவில்லை.

7

அறிக்கை பள்ளிக்கூடத்துக்குப் போய்ச் சேர, வழமைபோல, காலம் எடுத்தது. அதற்குள் ஒருவர் வந்து வகுப்பின் பின்வரிசையில் இருந்து கெவினைப் பார்த்துவிட்டும் போனார். கடைசியில் அவனை அதே வகுப்பிலேயே விட்டார்கள். சிகிச்சையாளர் சொன்னதுதான் நடந்தது. அடுத்த கோடைக்குள் அவன் ஆசிரியையைப்போலப் பிரெஞ்சு பேசினான். ஆங்கிலத்தைத் தெருப் பிள்ளைகளிடமிருந்து புதிதாக எடுத்துக்கொண்டான். வால் நறுக்கிய சொற்களுக்கெல்லாம் வால் முளைத்தது. எப்போது மாறினான் என்று எங்களுக்கே தெரியாது. ஒருநாள் காது கொடுத்துக் கேட்டபோது, யாரோ வெள்ளைக்காரப் பையன் வீட்டுக்கு வந்திருப்பதுபோல இருந்தது.

இப்போது அவனுக்கு வயது ஒன்பது. நாங்கள் தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்கிறான், கோபம் வந்தால் பிரெஞ்சில். நாங்கள் பேசும் ஆங்கிலத்தைத் திருத்துகிறான். ரெஜினா 'பில்ம்' என்றால், முகத்தைச் சுளித்துச் சரியாகச் சொல்லிக் காட்டுகிறான்.

வாத்தி குடும்பம் இங்கே இல்லை. ஹெந்திராவின் தொழிற்சாலையில் ஆட்களைக் குறைத்தார்கள். பிரேசிலில் விமானம் செய்யும் ஓர் இடத்தில் அவருக்கு வேலை கிடைத்தது. அங்கே போர்த்துக்கீசு மொழியைப் படித்துக்கொண்டிருக்கிறார்கள். மகளும் அவர்களோடு வந்து சேர்ந்துவிட்டாள். நேரம் கிடைக்கும்போது வாத்தி தொலைபேசி அட்டை வாங்கிக் கூப்பிடுவார்.

சந்தையில் அந்தப் பண்டுங் பெண்ணைக் கண்டதற்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை, தேவாலயத்தில் பூசை முடிந்து வந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது வாத்தி கூப்பிட்டார். பிள்ளையோடு பேச வேண்டும் என்றார். கெவின் வாங்கினான். ஹலோ சொல்லிவிட்டுப் பள்ளி, ஹொக்கி, நண்பன் வீட்டில் தங்கியது என்று வேகமாகச் சொல்லிக்கொண்டு போனான். மறுமுனையில் "வாத்? வாத்?" என்று கேட்பது எனக்கே கேட்டது. பிறகு அவர் ஏதோ சொல்ல, கெவின் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு கேட்டான். மறுபடி கேட்டான். கடைசியில் தொலைபேசியை ரெஜினாவிடம் நீட்டி, "அம்மா, ஐ டோன்ட் அண்டர்ஸ்டாண்ட் ஹர்" என்றான்.

ரெஜினா என்னைப் பார்த்தாள். வாங்கிக் காதில் வைத்தாள். அவ்வளவுதான், இயந்திரங்கள் இரண்டும் ஓடத் தொடங்கின. பிரேசிலில் மிளகாய் காரமில்லையாம். மகளுக்கு ஒரு பையனைப் பிடித்திருக்கிறதாம்.

கெவின் தட்டைக் கழுவி வைத்துவிட்டுத் தன் அறைக்குப் போனவன், வாசலில் நின்று திரும்பினான்.

"அப்பா, அவை ரெண்டு பேரும் என்ன பாஷை கதைக்கினம்?"

"இங்கிலீஸ்."

"நோ, ரியலி?"

"உண்மையாத்தான். நீயும் அதைத்தான் கதைச்சனி. ஐஞ்சு வயசு வரைக்கும்."

அவன் நம்பவில்லை. என்னைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். பிறகு வந்து ரெஜினாவின் கதிரையோடு ஒட்டி நின்றான். அவள் பேச்சை நிறுத்தாமல், தலையைச் சாய்த்து, தொலைபேசியை இருவர் காதுக்கும் நடுவில் பிடித்தாள். அவன் கண்ணை மூடிக்கொண்டு கேட்டான். நான் சாப்பாட்டுப் பாத்திரங்களை எடுத்துக் குசினிக்குக் கொண்டுபோனேன். திரும்பி வந்தபோதும் அவன் அதே இடத்தில் நின்றான். வாத்தி ஏதோ பகிடி சொல்லியிருக்க வேண்டும். ரெஜினாவுக்கு விளங்குமுன் கெவின் சிரித்துவிட்டான்.